குழந்தைகளின் சர்க்கரை நோய்: குற்றவாளி மரபணுவா, வைரஸா?

புதுதில்லி:
தெற்கு தில்லியில் வெளிவட்டச் சாலையை ஒட்டியுள்ள முனிர்கா, ஒரு காலத்தில் ஜாட் விவசாயிகளின் கிராமம். அதன் வயல்கள் கையகப்படுத்தப்பட்டு, ராமகிருஷ்ணபுரம் அரசு ஊழியர் குடியிருப்புகளும் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகமும் எழுந்தன. எஞ்சிய கிராமத்தின் சந்துகளில் அடுக்குமாடிக் கட்டடங்கள் தோள் உரசி நிற்கின்றன. வாடகை அறைகளில் மாணவர்களும், வடகிழக்கு மாநிலத்தவரும், பிழைப்பு தேடி வந்த பலரும் வசிக்கின்றனர். தில்லித் தமிழர்கள் மலை மந்திர் என்றழைக்கும் உத்தர சுவாமிமலை முருகன் கோயிலும் இங்கிருந்து தொலைவில் இல்லை.

மத்திய அரசின் இரு நிறுவனங்கள் இப்பகுதியில் அமைந்துள்ளன. பாபா கங்காநாத் சாலையில் இருப்பது தேசிய சுகாதார, குடும்ப நல நிறுவனம். தடுப்பூசிகளைக் கெடாமல் நாடெங்கும் கொண்டு சேர்க்கும் பணிக்கு வழிகாட்டும் தேசியக் குளிர்பதனச் சங்கிலி வள மையம் இதன் வளாகத்தில்தான் இயங்குகிறது. மற்றொன்று, ஜே.என்.யு.வை ஒட்டி அருணா ஆசப் அலி சாலையில் உள்ள தேசிய நோய் எதிர்ப்பியல் நிறுவனம். நோய் எதிர்ப்பு மண்டலம் எப்படி இயங்குகிறது, எங்கே தடம் புரள்கிறது என்பதை ஆராய்வது அதன் பணி. பச்சிளம் வயதிலேயே தாக்கும் முதலாம் வகை நீரிழிவு நோய், இவ்விரு வாசல்களுக்கும் உரிய பிரச்சனையாகும்.

நடுத்தர வயதில் உடல் பருமனோடும் உழைப்பின்மையோடும் வரும் சர்க்கரை நோயை அறியாத தமிழ்க் குடும்பம் இன்று அநேகமாக இல்லை. அது இரண்டாம் வகை. முதலாம் வகையின் கதையே வேறு. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு மண்டலம், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களைப் பகையாகக் கருதித் தாக்குகிறது. மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ சத்தமின்றி நடக்கும் இந்த அழிவு பெருமளவு முடிந்த பின்னரே குழந்தை அடிக்கடி சிறுநீர் கழிக்கிறது, தாகம் என்கிறது, எலும்பும் தோலுமாக இளைக்கிறது. பலரும் இதை வயிற்றுக் கோளாறு என்றோ சாதாரணக் காய்ச்சல் என்றோ எண்ணிவிடுகின்றனர். ரத்தத்தில் அமிலம் ஏறி, மூச்சு வாங்கி, மயங்கிய நிலையில் மருத்துவமனைக்கு வரும் குழந்தைகள் ஏராளம். அன்று தொடங்கி ஆயுள் முழுவதும் இன்சுலின் ஊசி வேண்டும். மாத்திரை உதவாது.

சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பின் 2021ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, இந்தியாவில் 20 வயதுக்குட்பட்டோரில் ஏறத்தாழ 2 லட்சத்து 29 ஆயிரம் பேருக்கு இந்நோய் உள்ளது. உலகில் வேறெந்த நாட்டிலும் இத்தனை பேர் இல்லை. 

நோய் வந்ததும் எழும் முதல் கேள்வி, யார் காரணம் என்பதே. குழந்தைக்கு இனிப்பு அதிகம் கொடுத்ததாகத் தாயின் மீது பழி விழுகிறது. பெண் குழந்தையாக இருந்தால் அவளது திருமணம் பற்றிய கவலை அப்போதே தொடங்கிவிடுகிறது. இனிப்புக்கும் இந்நோய்க்கும் தொடர்பில்லை என்பதை மருத்துவ உலகம் ஐயமின்றி நிறுவியுள்ளது. ஆனால் அந்த இடத்தில் வேறெதை வைப்பது என்பதில்தான் அரை நூற்றாண்டாக ஆய்வு நடந்து வருகிறது.

பரம்பரை எவ்வளவு பேசும்?

ஆறாவது குரோமோசோமில் எச்.எல்.ஏ. என்னும் மரபணுத் தொகுதி உள்ளது. உடலின் செல்கள் தம்மிடமுள்ள புரதத் துணுக்குகளை எதிர்ப்பு மண்டலத்திடம் எடுத்துக் காட்ட உதவும் தட்டுகளை உருவாக்குவது இதன் வேலை. அடையாள அட்டையைச் சரிபார்க்கும் காவலருக்கு அட்டையை நீட்டுவது போன்றது இது. சிலரது தட்டுகள், இன்சுலின் உள்ளிட்ட சொந்தப் புரதங்களையே பகைவர்போலத் தோன்றும் விதத்தில் ஏந்திக் காட்டுகின்றன. நோய்க்கான மரபுவழி வாய்ப்பில் ஏறக்குறைய பாதி இந்த ஒரு தொகுதியிலேயே அடங்கியுள்ளது. எஞ்சியது ஐம்பதுக்கும் மேற்பட்ட மரபணு இடங்களில் சிறு சிறு துளிகளாகச் சிதறிக் கிடக்கிறது.

முனிர்காவிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள எய்ம்ஸ் மருத்துவமனையில், என்.கே. மெஹ்ரா தலைமையிலான குழுவினர் இத்துறையில் நீண்ட காலம் உழைத்துள்ளனர். ஐரோப்பியரிடம் டி.ஆர்.3, டி.ஆர்.4 எனப்படும் இரு எச்.எல்.ஏ. வகைகளும் இந்நோயுடன் இணைந்து காணப்படுகின்றன. வட இந்திய நோயாளிகளிடம் டி.ஆர்.3 வகையே மேலோங்கி நிற்பதையும், அதுவும் ஐரோப்பியரிடம் உள்ள அதே தொகுப்பாக இல்லாமல் இம்மண்ணுக்கே உரிய வேறு சேர்க்கைகளுடன் வருவதையும் இக்குழு எடுத்துக்காட்டியது. ஐரோப்பிய ரத்தத்தைக் கொண்டு வரையப்பட்ட வரைபடம் இந்தியக் குழந்தைக்கு அப்படியே பொருந்தாது என்பது இதன் பொருள். புனேயின் கே.இ.எம். மருத்துவமனை, ஐதராபாத்தின் செல், மூலக்கூறு உயிரியல் மையம், இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகம் ஆகியவை இணைந்து 2020இல் வெளியிட்ட ஆய்வு இதை வேறொரு பக்கத்திலிருந்து பார்த்தது. ஐரோப்பிய மரபணு மதிப்பெண் முறை இந்தியர்களிடமும் முதலாம் வகையை இனங்காண உதவுகிறது, ஆனால் துல்லியம் சற்றுக் குறைகிறது என்பது அதன் முடிவு.

இவ்வளவு தெரிந்த பிறகும் மரபணு மட்டும் எதையும் தீர்மானிப்பதில்லை. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு நோய் வந்தால், மற்றவருக்கும் வந்தே தீரும் என்றில்லை. பல ஆய்வுகளில் பாதிக்கும் குறைவானோருக்கே வந்துள்ளது. நோயுற்றோரில் பத்தில் ஒன்பது பேருக்குக் குடும்பத்தில் வேறு எவருக்கும் இந்நோய் இருந்ததில்லை. ஆபத்தான எச்.எல்.ஏ. வகையுடன் பிறந்தவர்களிலும் மிகப் பெரும்பாலோர் நோயின்றியே வாழ்ந்து முடிக்கின்றனர். ஐரோப்பாவில் இந்நோய் ஆண்டுக்குச் சுமார் 3 விழுக்காடு வீதம் பெருகி வந்துள்ளது. ஒரு தலைமுறைக்குள் மக்களின் மரபணுக்கள் மாறிவிடுவதில்லை. எனவே வெளியிலிருந்து ஏதோ ஒன்று வருகிறது.

சந்தேகத்தின் பேரில் ஒரு வைரஸ்

அந்த வெளியாள் வைரஸாக இருக்கலாம் என்ற ஐயம் மிகப் பழையது. பொன்னுக்கு வீங்கிக்குப் பின் நீரிழிவு கண்ட நோயாளி பற்றிய குறிப்பு 1864இலேயே நார்வேயில் பதிவாகியுள்ளது. 1969இல் லண்டன் ஆய்வாளர்கள், புதிதாக நோய் கண்டவர்களின் ரத்தத்தில் காக்சாக்கி பி வைரஸுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் கூடுதலாக இருப்பதைக் கண்டனர். 1979இல் அமெரிக்காவில், சளிக்காய்ச்சல் போன்ற நோயை அடுத்துத் திடீரென நீரிழிவு கண்டு இறந்த 10 வயதுச் சிறுவனின் கணையத்திலிருந்து காக்சாக்கி பி4 வைரஸ் பிரித்தெடுக்கப்பட்டது. அதை எலிகளுக்குச் செலுத்தியபோது அவற்றுக்கும் சர்க்கரை ஏறியது. குற்றவாளி கையும் களவுமாகப் பிடிபட்டதாகவே அன்று பலர் எண்ணினர்.

ஆனால் வழக்கு அவ்வளவு எளிதில் முடியவில்லை. காக்சாக்கி வைரஸ், போலியோ வைரஸ் அடங்கிய என்டெரோ வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. கழிவுநீர் வழியாகவும் அழுக்குக் கைகள் வழியாகவும் வயிற்றுக்குள் புகும். உலகில் ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளையும் ஏதேனும் ஒரு முறை தொட்டுச் செல்லும். தொட்டவர்களில் மிகச் சிலருக்கே நீரிழிவு வருகிறது. நோய் வெளிப்படும் நாளில் வைரஸ் வந்துபோய்ப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். அப்போது ரத்தத்தைச் சோதித்துப் பயனென்ன?

இதற்காகவே அமெரிக்கா, பின்லாந்து, ஜெர்மனி, சுவீடன் ஆகிய நாடுகளில் ஆபத்தான மரபணு வகையுடன் பிறந்த 8 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பிறப்பிலிருந்தே தொடர்ந்து கவனிக்கும் டெடி என்னும் ஆய்வு தொடங்கப்பட்டது. மாதந்தோறும் குழந்தைகளின் மலம் சேகரித்து, அதிலுள்ள வைரஸ்கள் பதிவு செய்யப்பட்டன. 2019இல் வெளியான முடிவு கூர்ந்து கவனிக்கத்தக்கது. என்டெரோ வைரஸ் வந்துபோனதால் மட்டும் ஆபத்து கூடவில்லை. பி வகை என்டெரோ வைரஸ் வெளியேறாமல் நீண்ட நாள் குடலில் தங்கிய குழந்தைகளிடமே பீட்டா செல்களுக்கு எதிரான தாக்குதலின் முதல் அறிகுறிகள் அதிகம் தென்பட்டன. நார்வேயில், நோய் கண்ட சில வாரங்களிலேயே ஆறு பேரின் கணையத் துணுக்கை அறுவை சிகிச்சை மூலம் எடுத்துப் பார்த்தபோதும் அந்த வைரஸின் தடயங்கள் காணப்பட்டன. அந்த அறுவை சிகிச்சையில் சிக்கல் நேர்ந்ததால் ஆய்வு மேற்கொண்டு தொடரப்படவில்லை. கணையத்தைத் தொட்டுப் பார்ப்பது எவ்வளவு கடினம் என்பதை இது உணர்த்தும்.

வைரஸ் ஏன் பீட்டா செல்லைத் தேடிச் செல்கிறது? காக்சாக்கி வைரஸ் செல்லுக்குள் நுழையப் பிடித்துக்கொள்ளும் ஒரு கைப்பிடிப் புரதம் பீட்டா செல்களில் நிறைந்துள்ளது. உள்ளே புகுந்த வைரஸ் செல்லை உடனே கொல்லாமல் மெல்லிய தொற்றாகத் தங்கிவிடலாம். செல்லோ உதவி கேட்டு அபாயச் சங்கை ஊதிக்கொண்டே இருக்கும். கேட்டு ஓடிவரும் எதிர்ப்பு மண்டலம், டி.ஆர்.3 போன்ற தட்டுகளில் ஏந்திக் காட்டப்படும் புரதங்களைப் பார்த்து வீட்டுக்காரனையே கள்வனாக எண்ணிவிடுகிறது. மரபணுவும் வைரஸும் சந்திக்கும் இடம் இதுவாக இருக்கலாம் என்பதற்கு 2009இல் கேம்பிரிட்ஜிலிருந்து வலுவான சான்று வந்தது. என்டெரோ வைரஸை அடையாளம் கண்டு அபாயச் சங்கை ஊதும் ஐ.எப்.ஐ.எச்.1 என்ற மரபணுவில் பழுது உள்ளவர்களுக்கு இந்நோய் குறைவாகவே வருகிறது என்பதே அது. காவலன் சற்று மந்தமாக இருந்தால் வீடு தப்பிக்கிறது!

இந்த வழியில் சிகிச்சை முயற்சிகளும் தொடங்கிவிட்டன. புதிதாக நோய் கண்ட 96 சிறாருக்கு ஆறு மாதம் இரு வைரஸ் எதிர்ப்பு மருந்துகளைக் கொடுத்துப் பார்த்த நார்வே குழு, ஓராண்டு முடிவில் அவர்களிடம் சொந்த இன்சுலின் சுரப்பு ஓரளவு காப்பாற்றப்பட்டதாக 2023இல் அறிவித்தது. குணமாக்கவில்லை, தேய்வைக் குறைத்தது, அவ்வளவே. கோவிட் தொற்றுக்குப் பின் குழந்தைகளிடம் இந்நோய் கூடியதாக வந்த செய்திகளைப் பொறுத்தவரை ஆய்வுகள் இருவேறு திசைகளில் பேசுகின்றன.

சுத்தம் தந்த சோதனை

அரசியல் எல்லைக் கோடு ஒன்றே இதில் ஒரு பரிசோதனைக் கூடமாக அமைந்தது. பின்லாந்துக்கும் ரஷ்யாவுக்கும் இடையே பிரிந்து கிடக்கும் கரேலியா பகுதியில், இருபுறமும் ஆபத்தான எச்.எல்.ஏ. வகைகள் ஏறத்தாழ ஒரே அளவில் உள்ளன. ஆனால் வசதி மிக்க பின்லாந்துப் பக்கம் முதலாம் வகை நீரிழிவு ஆறு மடங்கு அதிகம். வறுமை மிகுந்த ரஷ்யப் பக்கம்தான் என்டெரோ வைரஸ் அதிகம். வைரஸ் அதிகம் உள்ள இடத்தில் நோய் குறைவு என்பது முதல் பார்வையில் முரணாகத் தோன்றும். தாய் ஏற்கெனவே தொற்றைச் சந்தித்திருந்தால் அவளது எதிர்ப்பொருள் கருவிலும் தாய்ப்பாலிலும் குழந்தைக்குக் கிடைக்கிறது. அந்தக் காப்புக்குள் இருக்கும்போதே வைரஸைச் சந்தித்துக் குழந்தை பழகிக்கொள்கிறது. தொற்றே அரிதான ஊரிலோ அது காப்பில்லாத குழந்தையைத் தாக்குகிறது என்று ஒரு சாரார் விளக்கம் தருகின்றனர். சென்ற நூற்றாண்டில் மேலைநாடுகளில் சுகாதாரம் பெருகிய பின்னரே போலியோ பெருந்தொற்றாக வெடித்த வரலாறு இதற்கு முன்னோடி.

இந்தியாவுக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வியன்று. சென்னையில் 1990களின் முற்பகுதியில் நடந்த கணக்கெடுப்பு, ஆண்டுக்கு ஒரு லட்சம் சிறாரில் சுமார் 10 பேருக்கு இந்நோய் புதிதாக வருவதாகக் கூறியது. தில்லியை அடுத்த அரியானாவின் கர்னால் மாவட்டத்தில் நடந்த ஆய்வில், நகரத்தில் லட்சத்துக்கு ஏறத்தாழ 27 பேருக்கும், கிராமங்களில் 4 பேருக்கும் இந்நோய் இருப்பது தெரிந்தது. நகரத்தின் சுத்தமும் வாழ்க்கை முறையும் காரணமா, அல்லது கிராமத்துக் குழந்தை பெயர் தெரியாத காய்ச்சலாகவே கணக்கில் வராமல் இறந்துபோகிறதா? இரண்டாவது ஐயத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. எண்ணப்படாத குழந்தை, புள்ளிவிவரத்தில் ஆரோக்கியமான குழந்தையாகவே நிற்கும்.

2006இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தொடங்கிய இளம்வயது நீரிழிவுப் பதிவேடு இந்த இருட்டில் ஏற்றிய விளக்கு. போலியோ ஒழிப்புக்காக நாடெங்கும் அமைக்கப்பட்ட ஆய்வகங்களும் உள்ளன. சென்னை கிண்டியின் கிங் ஆய்வு நிலையம் அவற்றில் ஒன்று. திடீர் வாதம் கண்ட குழந்தைகளின் மலத்தில் போலியோவைத் தேடியபோது பிற என்டெரோ வைரஸ்களும் இவ்வாய்வகங்களில் பெருமளவில் சிக்கின. 2014இல் போலியோ அற்ற நாடாக அறிவிக்கப்பட்ட பின்னரும் கண்காணிப்பு தொடர்கிறது. நீரிழிவுப் பதிவேட்டையும் இந்த வைரஸ் கண்காணிப்பையும் அருகருகே வைத்துப் படித்தால், குளிர்நாட்டு ஆய்வுகள் சொல்ல முடியாததை இந்தியா சொல்லக்கூடும்.

தடுப்பூசியின் மறுபக்கம்

தடுப்பூசியால் நீரிழிவு வருகிறது என்ற வதந்தி அவ்வப்போது கிளம்புவதுண்டு. பல நாடுகளில் நடந்த பெரிய ஆய்வுகள் அதை மறுத்துள்ளன. நிலைமை நேர் எதிராக இருக்கவே சான்றுகள் உள்ளன. கருவிலேயே ருபெல்லா தாக்கிய குழந்தைகளுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு அதிகம் வருவது நெடுங்காலமாக அறியப்பட்ட உண்மை. தட்டம்மை-ருபெல்லா தடுப்பூசி இயக்கம் 2017 பிப்ரவரியில் தொடங்கியபோது, முதல் கட்ட மாநிலங்களில் தமிழகமும் இருந்தது. வாட்ஸ்அப் வதந்திகளை நம்பிப் பெற்றோர் பலர் தயங்கியதால் தமிழக அரசு முகாமை நீட்டிக்க வேண்டியதாயிற்று.

ரோட்டா வைரஸின் கதை தில்லிக்கே உரியது. 1980களின் நடுவில் எய்ம்ஸ் மருத்துவமனையில் பிறந்த குழந்தைகளிடம், வயிற்றுப்போக்கை உண்டாக்காமலே தொற்றிய ஒரு ரோட்டா வைரஸை எம்.கே. பான் உள்ளிட்ட ஆய்வாளர்கள் கண்டனர். அதுவே பின்னாளில் ரோட்டாவாக் தடுப்பு மருந்தாயிற்று. 2016இல் நான்கு மாநிலங்களில் தொடங்கி, 2019க்குள் நாடு முழுதும் ரோட்டா தடுப்பு மருந்து தேசியத் திட்டத்தில் சேர்ந்தது. நோக்கம் வயிற்றுப்போக்கு மரணங்களைத் தடுப்பது. ஆனால் ஆஸ்திரேலியாவில் 2007இல் ரோட்டா தடுப்பு மருந்து வந்த பின், 4 வயது வரையிலான குழந்தைகளிடம் முதலாம் வகை நீரிழிவு 14 விழுக்காடு குறைந்ததாக 2019இல் ஓர் ஆய்வு தெரிவித்தது. பின்லாந்தில் அத்தகைய குறைவு தென்படவில்லை. ஆண்டுக்கு இரண்டு கோடிக்கும் மேல் குழந்தைகள் பிறக்கும் இந்தியாவில் என்ன நடக்கிறது என்பதை அறிய, நம்பகமான பதிவேடு வேண்டும்.

மரபணுவும் காப்பீடும்

மரபணு ஆய்வு வளர வளர அதன் நிழலும் நீள்கிறது. இந்தக் குழந்தைக்கு ஆபத்தான மரபணு உள்ளது என்று ஒரு தாளில் எழுதிவிட்டால், அந்தத் தாள் நாளை யார் கையில் சேரும்? மரபணுக் கோளாறு என்று கூறி இதய நோயாளி ஒருவரின் கோரிக்கையைக் காப்பீட்டு நிறுவனம் மறுத்த வழக்கில், தில்லி உயர் நீதிமன்ற நீதிபதி பிரதிபா எம். சிங் 2018 பிப்ரவரியில் தீர்ப்பளித்தார். மரபணு அடிப்படையில் இவ்வாறு பொத்தாம்பொதுவாக விலக்குவது அரசியல் சட்டத்தின் சமத்துவ உரிமைக்கு முரணானது என்று அத்தீர்ப்பு கூறியது. அவ்வழக்கு பின்னர் உச்ச நீதிமன்றத்துக்கும் சென்றது. மரபணுப் பாகுபாட்டைத் தடுக்க அமெரிக்கா 2008இலேயே தனிச் சட்டம் இயற்றியுள்ளது.

குளிர்பெட்டியில் இடமில்லை

நோயைத் தள்ளிப்போடும் மருந்தும் வந்துவிட்டது. டெப்லிசுமாப் என்ற மருந்துக்கு 2022 நவம்பரில் அமெரிக்கா அனுமதி அளித்தது. ஆபத்தின் விளிம்பில் உள்ளவர்களுக்கு நோய் வருவதைச் சராசரியாக இரண்டு ஆண்டுகள் அது தள்ளிப்போடுகிறது. அங்கு அறிமுக விலை, ஒரு முறை சிகிச்சைக்கு ஒரு லட்சத்து 90 ஆயிரம் டாலருக்கும் மேல். இன்சுலினைக் கண்டறிந்த டொரண்டோ விஞ்ஞானிகள், அதன் காப்புரிமையைத் தலைக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்திடம் எழுதிக் கொடுத்தவர்கள் என்பதை இங்கு நினைவுகூரலாம்.

முனிர்காவை ஒட்டிய நோய் எதிர்ப்பியல் நிறுவனத்திலும் ஒரு முயற்சி நடந்தது. அவதேஷ சுரோலியா தலைமையிலான குழு, தோலுக்கடியில் தங்கிச் சிறிது சிறிதாகக் கரையும் இன்சுலின் திரளை உருவாக்கி, ஒரே ஊசியில் எலிகளின் சர்க்கரையை 100 நாட்களுக்கு மேல் கட்டுக்குள் வைத்ததாக 2010இல் அறிவித்தது. தினமும் பலமுறை ஊசி குத்திக்கொள்ளும் குழந்தைகளின் பெற்றோர் அச்செய்தியை எவ்வளவு ஆவலோடு படித்திருப்பார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. சோதனைச்சாலை எலியிலிருந்து மருந்துக்கடை வரையிலான தூரம் மிக நீண்டது.

இப்போதைக்குக் கையில் இருப்பது பழைய இன்சுலின்தான். அதற்கும் குளிர் வேண்டும். திறக்காத குப்பி 2 முதல் 8 டிகிரி வெப்பத்தில் இருக்க வேண்டும். பெரும்பாலான தடுப்பூசிகளுக்கும் இதே அளவுதான். கோடையில் தில்லி 45 டிகிரியைத் தொடும்போது, குளிர்பதனப் பெட்டி இல்லாத வீடுகளில் ஈர மணல் சூழ்ந்த மண்பானைக்குள் இன்சுலின் வைக்கப்படுகிறது. கைவைத்தியம் போல் தோன்றினாலும் இது பயனற்ற வழியன்று. மண்பானை உள்வெப்பத்தைக் கணிசமாகக் குறைப்பதை ஆய்வுகள் உறுதி செய்துள்ளன. கென்ய அகதி முகாமின் வெப்பநிலையைப் பின்பற்றி நடந்த ஆய்வில், 25 முதல் 37 டிகிரி வரை ஏறி இறங்கும் சூட்டிலும் இன்சுலின் நான்கு வாரம் வீரியம் இழக்கவில்லை என்று 2021இல் தெரியவந்தது.

கேரள அரசு ‘மிட்டாய்’ என்ற பெயரில் இக்குழந்தைகளுக்கு இலவச இன்சுலினும் கருவிகளும் வழங்கும் திட்டத்தை நடத்தி வருகிறது. 2022இல் மத்திய அரசின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் நீண்டநேர இன்சுலினான கிளார்ஜின் சேர்ந்தது. சர்க்கரையை அளக்கும் கருவிக்கும் பட்டைகளுக்கும் இருந்த 12 விழுக்காடு ஜி.எஸ்.டி., 2025 செப்டம்பரில் 5 விழுக்காடாகக் குறைந்தது. நாளொன்றுக்கு நான்கு முறையாவது விரலைக் குத்திப் பார்க்க வேண்டிய குழந்தையின் வீட்டில், பட்டைகளின் செலவு பல வேளைகளில் இன்சுலினையே மிஞ்சுகிறது. வசதி இல்லாதவர்கள் பார்ப்பதைக் குறைக்கின்றனர்.

முனிர்கா மையம் வழிகாட்டும் தடுப்பூசிக் குளிர்பதனச் சங்கிலி நாடெங்கும் சுமார் 29 ஆயிரம் இடங்களைத் தொடுகிறது. மின்சாரம் போனாலும் குளிர் காக்கும் பெட்டிகள் கடைக்கோடி ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் உள்ளன; பெட்டிக்குள் வெப்பம் ஒரு டிகிரி மாறினாலும் கணினியில் தெரிகிறது. அந்தப் பெட்டிகளில் தடுப்பூசி தவிர வேறு எந்த மருந்தையும் வைக்கக் கூடாது என்பது விதி. தடுப்பூசியின் பாதுகாப்புக்காக எழுதப்பட்ட நியாயமான விதிதான். அதே சுகாதார நிலையத்தில் இன்சுலினுக்கென இரண்டாவது பெட்டி ஒன்றை வைக்க எந்த விதியும் தடையாக இல்லை.